அத்தை டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை

ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டால், அவனுடைய நிம்மதி அன்றோடு சரி. பக்கத்து வீட்டு மின்விசிறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் முனகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று உண்மையைச் சொன்னால், "பாருங்க, எவ்வளவு அடக்கமான புள்ள!" என்று இன்னும் இரண்டு வேலை கொடுப்பார்கள். நான் அப்படி மாட்டிக்கொண்டவன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் உலகத்தில் ஒருவருக்கும் உதவாத கம்ப்யூட்டர்.

எட்டு பிட் கம்ப்யூட்டர் என்பார்கள். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் வெளிநாட்டு வீடுகளில் பிள்ளைகள் வைத்து விளையாடிய சாமான். பார்ப்பதற்கு ஒரு தடித்த பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும். மேலே ரப்பர் பட்டன்கள். அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவியில்தான் மாட்ட வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்க உள்ளே இடமும் கிடையாது. ஒரு கசெட் ரெக்கோடரை இணைத்தால், நாம் எழுதியதையெல்லாம் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தமாக்கி நாடாவில் பதிந்து கொடுக்கும். பதியுமுன் கரண்ட் போனால் அவ்வளவுதான், எழுதியது அத்தனையும் காற்றோடு போய்விடும்.

கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எனக்கு வேலை. கடைக்குப் பின்சந்தில் பழைய வானொலிகள் குவிந்து கிடக்கும் ஒரு இடத்தில் இந்தப் பெட்டியைப் பார்த்தேன். பார்த்த அன்றே வாங்கிவிட்டேன். (அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அந்த வயதில் மனிதர்கள் மனைவிக்குச் சேலை வாங்குவார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.) அதற்குப் பிறகு என் வாழ்க்கை அதைப் பராமரிப்பதிலேயே போனது. அதன் பின்பக்கத் தகட்டுப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்ப்பேன். ரெக்கோடரின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். கரண்ட் டப்பா சூடாகிறதா என்று அடிக்கொருதரம் தொட்டுப் பார்ப்பேன். மாலதி என் நெற்றியை அப்படி ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

மாலதி என் மனைவி. நாங்கள் கடுகண்ணாவையில், பெரிய றோட்டுக்குக் கீழே சரிவில் இறங்கும் ஒரு சின்னப் பாதையில் குடியிருந்தோம். பாதையில் ஐந்து வீடு. மேல் வீடு மாலதியின் அம்மா, அதாவது என் அத்தையுடையது. இரண்டு வீடு தள்ளி எங்களுடையது. வீட்டோடு மாப்பிள்ளை இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். கூப்பிடு தூரத்து மாப்பிள்ளை.

அத்தை பெயர் பாக்கியம். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மாமா இறந்த பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடுகண்ணாவைக்கு வந்து, பஸ்கள் நிற்கும் வளைவில் ஒரு சின்னக் கடை போட்டார். தோட்டத்து ரொட்டியும், மிளகாய் இடித்துச் செய்யும் கட்டச் சம்பலும். கொழும்புக்குப் போகிறவர்கள் எல்லாம் இறங்கி வாங்கிப் போவார்கள். அத்தை நல்லவர்தான். ஆனால் ஒரு பழக்கம், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுவார். கையில் சுடச்சுட ரொட்டி இருக்கும், கண் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போகும். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும், வயர், திருகாணி, திறந்து கிடக்கும் பெட்டி.

"என்னா மாப்புள, இன்னமும் இந்தப் பொட்டிய தூக்கிப் போடலியா?"

"போட்டுருவோம் அத்தை."

இதுதான் எங்களுக்குள் நடக்கும் உரையாடல். வேறு உரையாடல் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அத்தையின் செருப்புச் சத்தம் பாதையில் கேட்டால் போதும், எனக்குக் கைகால் ஓடாது. ரெக்கோடரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன், வயரைத் தலையணைக்குக் கீழே திணிப்பேன். ஒருமுறை பெட்டியை அரிசி வாளிக்குள் இறக்கிவிட்டு, அதைத் துப்புரவாக்க ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தப் பயத்திலிருந்துதான் அந்த விளையாட்டு பிறந்தது. பெட்டிக்குள்ளேயே இருக்கும் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில், நானாகவே ஒரு விளையாட்டு எழுதினேன். திரையில் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒரு சின்னப் புள்ளி, அது மாப்பிள்ளை. அங்கங்கே பெட்டி, வயர், ரெக்கோடர். கதவு வழியாக ஒரு பெரிய ஆங்கில 'ஏ' எழுத்து வரும், அதுதான் அத்தை. அத்தை பிடிக்குமுன் சாமான்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளிக்க வேண்டும். பிடிபட்டால் அத்தை ஒரு வசனம் சொல்வார். தமிழ் வசனம்தான், ஆனால் அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். வசனங்களில் பாதி மாலதி சொல்லிக்கொடுத்தது. "எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க, இப்படித்தான் சொல்லுவாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் திருத்தித் தந்தாள். (இந்த விஷயம் இன்றுவரை அத்தைக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.) பட்டனை யாரும் அழுத்தாவிட்டால் விளையாட்டு தானாகவே ஆடிக் காட்டும்படியும் செய்திருந்தேன்.

மூன்று வாரம் எழுதினேன். எழுதி முடித்துச் சேமிக்கப் போகும்போது ரெக்கோடரின் பெல்ட் தளர்ந்துபோனது. நாடா இழுத்து இழுத்து ஓடியது, பதிந்ததெல்லாம் குப்பை. புதுப் பெல்ட் திங்கட்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அதுவரை பெட்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மூன்று வார உழைப்பும் போச்சு. பிளக்கைச் சுவரோடு சேர்த்து டேப் ஒட்டினேன். மழை இருட்டினால் கரண்ட் போய்விடுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கடையில் ஆணி நிறுக்கும்போதுகூட வீட்டு பிளக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரத்தில்தான் அத்தைக்கு அந்த யோகம் அடித்தது. ஒரு டிவி சனல்காரர்கள் றோட்டோரச் சாப்பாடு பற்றி நிகழ்ச்சி செய்கிறார்களாம். வேனில் வந்து அத்தையின் ரொட்டியைச் சாப்பிட்டுப் பார்த்து, அங்கேயே கமராவை வைத்துப் பேட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போடுவார்கள். அத்தைக்குக் கால் தரையில் படவில்லை. மடுல்கெல்லவிலிருந்து பன்வில வரைக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். ஆனால் என்னைக் கூப்பிட்டுத் தனியாக ஒன்று சொன்னார்.

"மாப்புள, மத்தவங்க பாக்குறது இருக்கட்டும். நான் பேசுனா எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. போட்டோவுல பாத்திருக்கேன், கண்ணாடியில பாத்திருக்கேன். நடந்து பேசி நான் என்னைய பாத்ததே இல்ல. ஒரு தடவ பாத்துரணும். டிவி தெளிவா வரணும். உங்கள நம்பித்தான் இருக்கேன்."

என்னை நம்பி! கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்னை நம்புவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் போன நிகழ்ச்சியைத் திரும்பப் பார்க்க எங்களுக்கு ஒரு வழியும் கிடையாது. பத்து மணிக்குப் பார்த்தால் பார்த்ததுதான்.

இந்த இடத்தில் எங்கள் பாதையின் அன்டெனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது பள்ளத்தில். மூன்று பக்கமும் மலை. வீட்டுக் கூரையில் அன்டெனா வைத்தால் படத்துக்குப் பதில் எறும்பு மொய்ப்பதுதான் தெரியும். அதனால் ஐந்து வீடும் சேர்ந்து, அத்தை வீட்டுக்கு அடுத்த சிவபாதம் மாஸ்டர் வீட்டுப் பலாமரத்து உச்சியில் ஒரே அன்டெனாவைக் கட்டியிருந்தோம். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, போகிற வழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை பிரியும். கிளை பிரிகிற இடத்தில் வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றியிருப்போம், அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மரம் அவருடையது என்பதால் அன்டெனா சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர்.

அத்தையின் நிகழ்ச்சி வரும் சனலை எங்கள் பாதையில் ஒருவரும் பார்ப்பதில்லை, சரியாக வராது. சனிக்கிழமை பகலில் நான் மரத்தில் ஏறி அன்டெனாவைத் திருப்பித் திருப்பி அதைப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அத்தை கீழே நின்று கைதட்டினார். மாஸ்டர் "கெட்டிக்காரப் பெடியன்" என்றார். நான் மரத்திலிருந்து இறங்கும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையோடு வீட்டுக்குப் போனதுதான் தப்பு.

வீட்டில் மாலதி கோபமாக இருந்தாள். எங்கள் டிவியில் அன்டெனாவுக்கு ஒரே ஓட்டைதான். அதில் இரண்டு நாளாகப் பெட்டியின் வயர் சொருகிக் கிடந்தது. அவளுடைய நாடகம் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பிடுங்கி அன்டெனா வயரைச் சொருக வேண்டும். பிடுங்கும்போது பெட்டி ஆடினால் உள்ளே இருப்பது போய்விடும் என்று நான் தொடவிடவில்லை.

"அப்ப நான் எப்பத்தான் நாடகம் பாக்குறது? உங்க பொட்டி செத்த பொறகா?"

நான் யோசித்தேன். சாதாரணமாக நான் யோசித்தால் நல்லது நடப்பதில்லை, ஆனால் அன்று மரியாதை தலைக்கேறியிருந்தது. பெட்டியை ஆட்டாமல், அன்டெனா வயரையும் பெட்டியின் வயரையும் உரித்து, இரண்டையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, அந்த ஓட்டையில் கொடுத்தேன். இனி எதையும் பிடுங்க வேண்டாம். நாடகம் வேண்டுமென்றால் நாடகத்து நம்பர், விளையாட்டு வேண்டுமென்றால் எட்டாம் நம்பர். மாலதி நாடகம் பார்த்தாள். "பரவால்ல, மூளை இருக்கு" என்றாள். ஒரே நாளில் எனக்குக் கிடைத்த மூன்றாவது பாராட்டு அது.

பாதை முழுவதும் ஒரே வயர்தான் ஓடுகிறது, அன்டெனாவிலிருந்து வீட்டுக்கு வருவது போலவே என் வீட்டிலிருந்தும் மற்ற வீடுகளுக்குப் போகும் என்று எனக்கு உறைக்கவில்லை. எங்கள் டிவியில் எட்டாம் நம்பர் என்பதும், அத்தை வீட்டு டிவியில் ஐந்தாம் நம்பராக நான் அன்று பகல் பிடித்துக்கொடுத்ததும் ஒரே அலைவரிசைதான் என்றும் உறைக்கவில்லை. அங்கே எறும்பு மொய்த்ததால்தான் காலியான இடம் என்று நினைத்து நான் பெட்டிக்கு அதை ஒதுக்கியிருந்தேன். என் டிவியை நிறுத்தினேன், பெட்டியை நிறுத்தவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே அத்தை வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. கதிரைகள் போதாமல் அரிசி மூட்டையில் ஆள் உட்கார்ந்திருந்தது. அத்தை புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்தார். பக்கத்தில் சிவபாதம் மாஸ்டர். கதவடியில் நிஸார் நானா, பாதையின் கடைசி வீட்டுக்காரர், றோட்டில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் தேத்தண்ணீர் வந்தது. எனக்கு மட்டும் தேத்தண்ணீர் இறங்கவில்லை. படம் வருமா வருமா என்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஐந்தாம் நம்பரைப் போட்டார்கள். நிகழ்ச்சிப் பாட்டு கேட்டது. ஆனால் படத்தில் கோடு கோடாக ஏதோ ஓடியது. அறிவிப்பாளர் பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளையாக ஒன்று இடமும் வலமும் போய்வந்தது.

"யாரு இது, குறுக்க போறது?" என்றார் அத்தை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காற்றில் அன்டெனா திரும்பியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மரத்துக்கு ஓடினேன். எனக்கு உயரம் என்றால் பயம். முந்தின நாள் மெதுவாக, சாமியைக் கும்பிட்டுக் கும்பிட்டு ஏறினேன். அன்று எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. முழங்கை உரிந்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரம் கிளையில் மாட்டியது, பலாப்பால் தலையில் ஒட்டியது.

நிஸார் நானா முற்றத்தில் நின்று, உள்ளே பார்ப்பதை எனக்குச் சொன்னார்.

"தம்பி, கொஞ்சம் வலப்பக்கம்!"

திருப்பினேன்.

"இன்னம் கொஞ்சம்! கோடு குறையுது!"

திருப்பினேன். எதனால் கோடு குறைந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. நான் அன்டெனாவை அந்தச் சனலை விட்டு விலக்கிக்கொண்டே போனேன். சனல் மங்க மங்க, என் பெட்டியின் படம் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது.

"ஆ! நில்லுங்க! தெளிவா ஈக்கி தம்பி! நல்ல தெளிவு!"

உள்ளே இருந்து கைதட்டல் கேட்டது. நான் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

மாஸ்டரின் பள்ளிக்கூடக் குரல் யன்னல் வழியாக வந்தது. "பொறுங்கோ, பொறுங்கோ. ஏதோ எழுத்து வருது. இங்கிலீசு எழுத்து, ஆனால் தமிழ்தான். நான் வாசிக்கிறன். அத்... தை... வ... ரா... அத்தை வராங்க!"

"பாத்தீங்களா!" இது அத்தையின் குரல். "பேரு போடுறாங்க! அத்தைன்னு எவ்வளவு மரியாதையா போட்டிருக்காங்க பாருங்க!"

உலகத்தில் 'அத்தை வராங்க' என்று ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறது, அதை எழுதியவன் நான். ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. முறுக்கிய வயர், எட்டாம் நம்பர், நிறுத்தாத பெட்டி. கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அடுத்தது வருது," என்றார் மாஸ்டர். "மாப்... பிள்... ளை... ஓடு... பெட்டியை ஒளி. இது என்ன? கதையோ?"

"விளம்பரமா இருக்கும்," என்றார் நிஸார் நானா.

"ஓம், ஓம், விளம்பரம். பொறுங்கோ. ஒரு பெரிய எழுத்து துரத்துது... சின்னப் புள்ளி ஒண்டு ஓடுது... பிடிச்சிட்டுது. எழுத்து வருது. 'வேல வெட்டி இல்லாத மாப்புள எனக்கு வந்து வாச்சிருக்கு.'"

அந்த வசனத்தை அத்தை அந்தப் பாதையில் சொல்லாத வீடு இல்லை. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "பிளக்கைப் புடுங்குங்க" என்று உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கத்தினால் அது என் வேலை என்று தெரிந்துவிடும். பிடுங்கினால் மூன்று வாரம் எழுதியது போய்விடும். இந்த இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்க, அந்த நேரத்தில் எங்கேயோ, யார் வீட்டு டிவியிலோ, அத்தை பேசிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அதை நினைத்ததும்தான் கத்தினேன்.

"மாலதி! வீட்டுக்கு ஓடு! பொட்டியோட பிளக்க புடுங்கு!"

அவள் எப்போதோ ஓடியிருந்தாள். வசனம் எழுதிக்கொடுத்தவளுக்குத் தெரியாதா? டேப் ஒட்டிய பிளக்கைச் சுவரோடு பிய்த்துவிட்டாள் என்று பிறகு சொன்னாள். அத்தை வீட்டு டிவியில் பெரிய எழுத்தும் புள்ளியும் வீடும் மறைந்தன. மறைந்த இடத்தில் அத்தை வரவில்லை, எறும்புதான் வந்தது. அன்டெனாவை நான்தானே எங்கேயோ திருப்பி வைத்திருக்கிறேன்!

பைத்தியக்காரன் போல் திருப்பினேன். இடது, வலது, மேல், கீழ். ஸ்பேனர் கையை விட்டு விழுந்து மாஸ்டரின் மரவள்ளிச் செடிக்குள் போனது. கடைசியில் நிஸார் நானா "வந்தீச்சு!" என்று கத்தினார். வந்தது என்ன தெரியுமா? அத்தை கைகூப்பி வணக்கம் சொல்வது. கண்மூடித் திறப்பதற்குள் அதுவும் போய், வேறு ஊரில் ஒருவர் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்.

நான் மரத்திலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பலாமரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு நாள் இருக்கலாம், மாலதி கீழேயிருந்து சோறு தருவாளா என்றெல்லாம் மனம் போனது. அத்தை முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். புதுச் சேலை, தலையில் பூ. திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எறங்குங்க மாப்புள. பாத்து எறங்குங்க, விழுந்துராதீங்க."

அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம். இறங்கி வந்து முன்னால் நின்றேன், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அத்தையின் போன் அடிக்கத் தொடங்கியது. மடுல்கெல்லவிலிருந்து, பன்விலவிலிருந்து, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எல்லோரிடமும் அத்தை ஒரே கேள்விதான் கேட்டார்.

"நான் எப்படி இருந்தேன்?"

"சேலை நல்லா இருந்துச்சு" என்றாராம் ஒருவர். "கடை போர்டு தெரிஞ்சுச்சு" என்றாராம் இன்னொருவர். ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அத்தை போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். வேர்வை என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் வேர்வை என்றுதான் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

வந்தவர்கள் எழுந்து செருப்புத் தேடத் தொடங்கினார்கள். நிஸார் நானாதான் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க? நாங்க ப்ரோக்ராம் பார்க்க வந்தம், பார்க்காம போறதா? பாக்கியம் அக்கா, டிவியில என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அதை இங்க சொல்லுங்க. தம்பி! கெடுத்தது நீங்க, நீங்களே கேளுங்க!"

"ஓம், அதுதான் நியாயம்," என்றார் மாஸ்டர். "இருங்கோ எல்லாரும்."

மாலதி ஒரு தேங்காய்ச் சிரட்டை அகப்பையை என் கையில் வைத்துத் தள்ளினாள். தலையில் பலாப்பால், கிழிந்த சாரம், கையில் அகப்பை. அந்தக் கோலத்தில் அத்தையின் முன்னால் நின்று, அகப்பையை மைக் மாதிரி அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"வ... வணக்கம் அத்தை. இந்த ரொட்டி எப்படிச் செய்றீங்க?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பூவைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"வணக்கம் நேயர்களே," என்று தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மாவு, தேங்காய்ப்பூ, உப்பு என்று தொடங்கி, தோட்டத்தில் விறகு பொறுக்கியது, மாமா போனது, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியது, முதல் நாள் ஒரு ரொட்டிகூட விற்காமல் தானும் மகளுமே உட்கார்ந்து சாப்பிட்டது வரைக்கும் வந்துவிட்டார். மாலதிக்கே தெரியாத கதைகள். நடுவில் நான் கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை, கை வலிக்க வலிக்க அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் மாஸ்டர் எழுந்து நின்று கைதட்டினார். கூட்டம் கலைந்த பிறகு அத்தை மெதுவாக என்னிடம் வந்தார்.

"ஆமா மாப்புள, அந்த வெளையாட்டுல கடைசியில யாரு ஜெயிக்கிறது?"

"நீங்கதான் அத்தை. எப்பவும் நீங்கதான்."

"அப்ப சரி," என்று உள்ளே போய்விட்டார். விளையாட்டு அன்றோடு போயிற்று. திரும்ப எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அத்தையின் நிகழ்ச்சி போகவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடந்த கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எதுவாக இருந்தாலும், சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர், "மாப்புளய கூப்பிடுங்க, ப்ரோக்ராம் போடச் சொல்லுங்க" என்பார். எந்த வீடாக இருந்தாலும் எனக்கு ஒரு அகப்பை தயாராக இருக்கும். பந்தியில் பாதியில் இருந்து எழுப்பியிருக்கிறார்கள். கண்டியில் ஒரு மண்டபத்தில் கல்யாண மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். என் பிள்ளைகளின் நண்பர்கள் என்னை "அகப்பை அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிகழ்ச்சியும் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போகிறது, டிவியில் வந்தது தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்தான்.

போன தைப்பொங்கலுக்கு ஒரு அதிசயம் நடந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பன்விலவில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருந்தாராம், இத்தனை வருடம் கழித்துக் கண்டெடுத்து மாலதியின் போனுக்கு அனுப்பினார். அத்தையைக் கதிரையில் உட்காரவைத்து, கண்ணாடியைப் போட்டுவிட்டு, பெரிய டிவியில் இணைத்துப் போட்டோம்.

அதில் அத்தை பயந்து போய் நின்றார். அறிவிப்பாளர் பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமாங்க", "இல்லீங்க" என்றார். மாவு என்று வாயெடுத்தபோது அந்தப் பெண் மைக்கைத் திருப்பித் தன் வாய்க்குக் கொண்டுபோய், "அருமை, அருமை" என்றாள். ரொட்டியைக் காட்டினார்கள். பஸ்ஸைக் காட்டினார்கள். அத்தை கைகூப்பினார். முடிந்துவிட்டது.

அத்தை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான், இதைக் கெடுத்ததற்காகத்தான் நான் இத்தனை வருடம் அகப்பை பிடித்தேன். என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்னையத்தான் காட்டுனாங்க," என்றார் கடைசியில். "ஆனா நான் பேசவே இல்லியே."

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"இத நிறுத்துங்க மாப்புள. நீங்க எந்திரிங்க, நம்ம ப்ரோக்ராம போடுங்க."

நான் அகப்பை எடுக்கக் குசினிக்கு ஓடினேன்.